நாலு மணிக்கு எடுக்கறாங்க

அத்தியாயம் 14

நெல்லில் விழுந்த போனை அரிசியில் போட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று அடுத்த வீட்டுக் கலைமகள் சொன்னாள். அதை நம்பி, பிரகதீஸ்வரி தன் புதுப் போனை அரிசி டிரம்முக்குள் புதைத்து இன்றோடு மூன்று நாளாகிவிட்டது. விதைநெல் ஊறவைத்த அண்டாவில் குனிந்தபோது இடுப்புச் செருகலிலிருந்து நழுவி விழுந்த போன் அது. தினமும் சோற்றுக்கு அரிசி எடுக்கும்போது அதையும் வெளியே எடுத்துப் பொத்தானை அழுத்திப் பார்ப்பாள். கறுப்பாகவே இருக்கும். மறுபடியும் புதைத்துவிட்டு உலை வைக்கப் போவாள்.

பேசுவதற்கு மட்டும் என்றால் போன் இல்லாமல் இருந்துவிடலாம். ஆனால் வயல் மோட்டார் சும்மா இருக்காதே. அந்த ஸ்டார்ட்டருக்கு அவள் நம்பர் ஒன்றுதான் தெரியும். அந்த நம்பரிலிருந்து கூப்பிட்டால் ஓடும், மறுபடி கூப்பிட்டால் நிற்கும். வேறு யார் கூப்பிட்டாலும் சட்டை செய்யாது. நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும். அதனால் இன்று காலை வேறு வழியில்லாமல் பீரோவின் கீழ்த்தட்டைத் துழாவிப் பழைய போனை எடுத்தாள்.

இன்று அதற்கெல்லாம் நேரமா என்றால், இல்லைதான்.

சென்ற வாரம் வந்த பதிவுத் தபாலில் அவள் கொழுந்தன் அரவிந்தன் மூன்றே வரிகள் எழுதியிருந்தான். அப்பா சொத்தில் தனக்குள்ள பாதியை அண்ணன் பேருக்கே விட்டுக்கொடுக்கிறானாம். வெள்ளிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து நேரே ஒரத்தநாடு பதிவு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுவானாம். 'இத்தோடு நமக்குள் எதுவும் இல்லை' என்பது மூன்றாவது வரி.

அந்த வெள்ளிக்கிழமைதான் இன்று.

அண்ணன் தம்பிக்குள் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. காரணம் ஊருக்கே தெரியும். அப்பா சாரங்கபாணி செத்த அன்று இளைய மகன் வரவில்லை. வராததுகூடப் போகட்டும், ஒரு போன்கூடப் பண்ணவில்லை. 'பெத்த அப்பன் கெடக்கான், ஒரு போன் பண்ணத் தோணலியே அவனுக்கு' என்று கல்யாண வீட்டிலும் காதுகுத்து வீட்டிலும் ஆறு வருஷமாகச் சொல்லி வருகிறவள் நம் பிரகதீஸ்வரிதான். அவள் மனசு கெட்ட மனசில்லை. மாமனாரைத் தன் அப்பாவுக்கு மேலாகப் பார்த்தவள், அதனால் வந்த கோபம்.

ஊக்கு முனையால் குத்தி சிம்மை மாற்றிப் பொத்தானை அழுத்தினாள். பழைய போன் நிதானமாகக் கண் விழித்தது.

அதன் குணங்கள் ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தன. வாங்கியபோது அது அவள் புருஷன் ராஜராஜனுடையது. அவர் வேறு வாங்கிக்கொண்டதும் இவளிடம் வந்து சேர்ந்தது. போன தீபாவளிக்கு மகள் பூர்ணிமா புதுசு வாங்கிக் கொடுக்கிறவரை நாலரை வருஷம் இவள் கையிலேயே கிடந்தது. கிரைண்டர் மேலிருந்து விழுந்ததில் வலது ஓரம் கீறல். 'ம' எழுத்து விழாது. அதனால் மகளுக்குச் செய்தி அனுப்பும்போது அம்மா என்று போடாமல் 'நான்தான்' என்றே முடிப்பாள். எல்லாவற்றுக்கும் மேல், தொட்டால் உடனே கேட்காது. மூன்று நொடி யோசிக்கும். அவசரப்பட்டு இரண்டாவது தடவை தொட்டால் கோபித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். ஒரு தடவை தொட்டுவிட்டுப் பேசாமல் காத்திருக்க வேண்டும்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டரை மணி அலாரம் அலறியது. திரையில் 'மாமா மாத்திரை' என்று எழுத்து வந்தது. போன் புருஷனிடம் இருந்தபோதே இவள் வைத்த அலாரம். மாமா போன பிறகும் அதை அழிக்க மனசு வராமல், அந்த மணிக்குத் தன்னுடைய பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தவள் அவள்.

ராஜராஜன் வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அலாரத்தைக் கேட்டதும் நின்றார்.

"அதையா எடுத்த?"

"மோட்டார் போட வேணாமா?"

"ஒரு நாள் தண்ணி வைக்கலன்னா நாத்து செத்துடாது. அத அணைச்சு உள்ள வையி. அன்னைக்கே எக்ஸ்சேஞ்சுல தள்ளிருக்கணும்."

"கீறல் விழுந்தத எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்கள்ல? நீங்களும் மூணு கடை ஏறி எறங்குனீங்களே."

அவர் பைக் சாவியை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி, "பன்னண்டு மணிக்கு டோக்கன். முடிஞ்சதும் வந்துடுவேன்" என்றார்.

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை..."

"என்ன வார்த்தை? அவனே எழுதிட்டான்ல, ஒண்ணும் இல்லன்னு."

பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. பிரகதீஸ்வரி மோட்டாருக்கு அழைப்பைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். அரை மணி நேரத்தில் போன் அடித்தது. பூர்ணிமா.

"அம்மா, படம் அனுப்புனேனே, வந்துச்சா?"

"என்ன படம்?"

"சித்தப்பாவோட. காலைல ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தேன். அப்பாகிட்ட சொல்லாத."

பூர்ணிமா திருச்சியில் வேலை பார்க்கிறாள். சித்தப்பன் மேல் அவளுக்கு எந்தக் கோபமும் ஒட்டியதே இல்லை. பிரகதீஸ்வரிக்குத் திக்கென்றது. அதே சமயம் அவன் முகம் இப்போது எப்படி இருக்கும் என்று பார்க்கவும் ஆசையாக இருந்தது. தன் ஆசை தனக்கே பிடிக்கவில்லை.

"வரலடி. இடம் இல்லைன்னு சொல்லுது."

"பழசுல என்னத்தம்மா அடைச்சு வச்சிருக்க? ஸ்பீக்கர்ல போட்டுட்டு ஃபைல்ஸுக்குப் போ. எது ரொம்பப் பெருசா இருக்குன்னு பாரு."

தொட்டாள். காத்திருந்தாள். தொட்டாள். காத்திருந்தாள்.

"கால் ரெக்கார்டிங்னு இருக்கு. ஒன்பதாயிரத்து நானூத்துச் சொச்சம்."

"அம்மா, நீ பேசினது பூரா அதுல பதிவாயிருக்கு. யாரு ஆன் பண்ணிவச்சது?"

"பூராவுமா? உங்க அத்தையப் பத்தி நான் உன்கிட்ட சொன்னதெல்லாம்?"

"எல்லாம்தான்."

"அடக் கடவுளே!"

யார் செய்த வேலை என்பது அவளுக்குப் புரிந்துபோயிற்று. திங்கட்கிழமை சொன்னதைச் செவ்வாய்க்கிழமை நான் சொல்லவே இல்லை என்கிற நெல் வியாபாரி ஒருவரை மடக்குவதற்காக, ராஜராஜன் பட்டுக்கோட்டை போன் கடையில் சொல்லி அப்போது ஏதோ செய்து வாங்கிவந்தார். இப்போதைய போனில் அப்படிச் செய்தால், பேச்சு பதிவாகிறது என்று ஒரு பெண் உரக்க அறிவித்துக் காட்டிக்கொடுத்துவிடுகிறாள். பழசு வாயைத் திறக்காமல் ஆறேழு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

"மொத்தமா டெலிட் பண்ணிடும்மா. இடம் கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு மகள் வைத்துவிட்டாள்.

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள். '9,412 கோப்புகளை நீக்கவா?' என்று போன் கேட்டது. விரலைக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். மாமாவின் குரல் இதற்குள் இருக்குமே என்று தோன்றியது. ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம்.

மாமா இறந்தது 2019 ஆகஸ்ட் இருபத்துமூன்று. அதற்கு முந்தின நாளைத் தேடினாள். இருந்தது. பத்தொன்பது நொடி.

"ராஜா, வாய்க்கால்ல தண்ணி வந்துட்டுடா. நல்லா வருது. மடையத் தொறந்து விட்டுட்டுத்தான் வருவேன், சாப்புட வைக்க வேணாம்னு பிரகதிகிட்ட சொல்லு."

நாலு தடவை கேட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். மறுநாள் விடியற்காலை தூக்கத்திலேயே போய்விடப்போகிற மனுஷன் மடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

விரல் தன்போக்கில் அடுத்த நாளுக்கு நகர்ந்தது. இருபத்துமூன்று. நூற்று முப்பத்தேழு பதிவுகள்.

கொள்ளி வைக்கப்போகிறவர் கையில் போன் எதற்கு என்று அன்று அதை இவளிடம் கொடுத்திருந்தார்கள். சாவு வீட்டில் போன் எடுப்பது என்பது தனி வேலை. மன்னார்குடியிலிருந்தும் வேதாரண்யத்திலிருந்தும் சொந்தபந்தம் கூப்பிடும். யார் கூப்பிட்டாலும் கேட்கப்போவது ஒன்றுதான், எப்போது எடுக்கிறார்கள் என்று. அதைத் தெரிந்துகொண்டுதான் மாலை வாங்கி பஸ் ஏற வேண்டும். அரவிந்தனுக்கு விடிந்ததிலிருந்து அடித்தும் போன் அணைந்தே கிடந்தது. நாளைக்குச் சனிக்கிழமை, வைத்திருக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லி, நாலு மணி என்று முடிவாகியிருந்தது.

ஒன்றைத் தொட்டாள். பறைச் சத்தம், ஒப்பாரி, அதற்கு நடுவே ஒரு பெண் குரல். "ஆமாங்க, விடியக்காலம் அஞ்சு மணிக்குங்க. தூக்கத்துலயே. நாலு மணிக்கு எடுக்கறாங்க. வந்துடுங்க."

அந்தக் குரல் தன்னுடையது என்பது பிடிபடவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அடுத்ததைத் தொட்டாள். "ஆமாங்க, விடியக்காலம் அஞ்சு மணிக்குங்க. தூக்கத்துலயே. நாலு மணிக்கு எடுக்கறாங்க. வந்துடுங்க." அதற்கடுத்ததும் அதேதான். ஏற்ற இறக்கம்கூட மாறவில்லை. கூப்பிடுகிறவர் முழுசாகக் கேட்டு முடிப்பதற்குள் இவள் பதிலைச் சொல்லி முடித்திருந்தாள்.

ஆறாவதோ ஏழாவதோ, பெயர் இல்லாத ஒரு வெளிநாட்டு நம்பர். பகல் பதினொன்று நாற்பது.

"அலோ?"

"அண்ணி... அண்ணி..." அதற்குமேல் வராமல் அழுகை. "அண்ணி, நான் அரவிந்தன். ஜாஃபர் போன்லேருந்து பேசறேன். என் போன் ஒர்க்‌ஷாப் லாக்கர்ல கெடக்கு. இப்பதான் எனக்குச் சொன்னாங்க. ராத்திரி ஃப்ளைட்டு கெடச்சிருக்கு. காலைல திருச்சி, பத்தரைக்குள்ள வீட்டுக்கு வந்துடுவேன். அப்பாவ ஐஸ் பெட்டில வச்சிருங்க அண்ணி. ஒரு தடவ மொகத்தப் பாத்துக்கறேன்..."

"ஆமாங்க, விடியக்காலம் அஞ்சு மணிக்குங்க. தூக்கத்துலயே. நாலு மணிக்கு எடுக்கறாங்க. வந்துடுங்க."

"அண்ணி! நாளைக்குக் காலைல நான்..."

"நாலு மணிங்க."

அவ்வளவுதான். நாற்பத்தோரு நொடி.

பிரகதீஸ்வரிக்கு ஒன்றும் ஓடவில்லை. திரும்பப் போட்டாள். அதே அழுகை, அதே பெயர், அதே பதில். அவன் தன் பெயரைச் சொல்கிறான். ஜாஃபர் பெயரைச் சொல்கிறான். அண்ணி அண்ணி என்று கதறுகிறான். அந்தப் பெண் எதையும் கேட்காமல், ஊராருக்குச் சொன்னதையே அவனுக்கும் சொல்லிவிட்டு வைக்கிறாள்.

இது நானா? எனக்கு ஏன் ஞாபகமே இல்லை? அவன் பேசியது கேட்டதா, கேட்டும் மண்டையில் ஏறவில்லையா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது. ஞாபகத்தில் அந்த நாள் முழுக்க ஒரே ஒரு நீளமான அழைப்பாகத்தான் இருந்தது.

அப்படியானால் அவன் போன் பண்ணியிருக்கிறான். நாளைக்கு வருகிறேன், வைத்திருங்கள் என்று கெஞ்சியிருக்கிறான். வைத்திருக்க முடியாது, நாலு மணிக்கு எடுக்கிறோம், முடிந்தால் வா என்று அண்ணி சொல்லிவிட்டாள் என்றல்லவா அவன் நினைத்திருப்பான்? ஆறு வருஷமாக அவனைத் தூற்றிய வாயாலேயே அவனை வரவிடாமலும் செய்திருக்கிறாள்.

போன் திரும்பவும் கேட்டது. 'இந்தக் கோப்பை நீக்கவா?' எங்கேயோ விரல் பட்டிருக்கிறது.

அவளை உத்தமி என்று சொல்லி இந்தக் கதையை ஓட்டிவிட முடியாது. ஒரு நிமிஷம் அவள் அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சரி என்று ஒரு தடவை தொட்டால் போதும். யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு மணிக்கு அவர்கள் கையெழுத்துப் போட்டுக்கொள்வார்கள். அவன் சிங்கப்பூர் போய்விடுவான். இவள் வழக்கம்போல அடுத்த கல்யாணத்துக்குப் போகலாம், முகத்தை நிமிர்த்திக்கொண்டு பேசலாம்.

'வேண்டாம்' என்பதைத் தொட்டாள். மூன்று நொடி கழித்து அந்தக் கேள்வி மறைந்தது.

புருஷனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மணி பத்தே கால். இருந்த புடவையோடு வீட்டைப் பூட்டிச் சாவியைக் கலைமகளிடம் வீசாத குறையாகக் கொடுத்துவிட்டு மெயின் ரோட்டுக்கு நடந்தாள். மோட்டாரை நிறுத்த வேண்டும் என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அழைப்பைப் போட்டு நிறுத்தினாள்.

பக்கத்து சீட்டுப் பெண்மணி, "அலைபாயறீங்களே, என்னங்க?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லைங்க, ஒரு ஃபைல அழிச்சா படம் வருமாம்" என்று இவள் எதையோ சொல்லிவைத்தாள். பிறகு அத்தையைப் பற்றிய வம்பு கிடக்கக்கூடிய மாசங்களாகப் பார்த்து நூறு இருநூறை அழித்தாள். இடம் கிடைத்தது. பூர்ணிமா அனுப்பிய படம் மேலிருந்து மெல்ல மெல்லத் திறந்தது. முதலில் நரைத்த தலை. பிறகு மாமாவின் நெற்றி. பிறகு மாமாவின் மூக்கு. நாற்பத்தைந்து வயசில் அரவிந்தன் அப்படியே அப்பனை உரித்து வைத்த மாதிரி ஆகியிருந்தான். பஸ் என்றும் பாராமல் பிரகதீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பதிவு அலுவலக வாசலில் ஒரு வேப்பமரம். அதன் ஒரு பக்கம் பத்திர எழுத்தர் ஜெயபாரதியின் மேஜை, அதையொட்டி ராஜராஜன். மறுபக்கம் அரவிந்தன். அவன் கூடப் பேராவூரணி ஜாஃபர் சாதிக். சிங்கப்பூரில் அவனோடு ஒரே பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், இன்று சாட்சிக் கையெழுத்துக்கு வந்திருந்தார். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. இருவரும் வேறு வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கண்ணி" என்றான் அரவிந்தன். பழக்கத்தில் வந்துவிட்ட வார்த்தை. சொன்ன பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ராஜராஜன் பதறி எழுந்தார். "நீ எதுக்கு வந்த? மோட்டார நிறுத்தினியா?"

"நிறுத்தியாச்சு. ரெண்டு பேரும் இப்படி வாங்க. ஜாஃபர் தம்பி, நீங்களும் வாங்க. கையெழுத்துக்கு முன்னாடி ஒண்ணக் கேக்கணும்."

அவள் கையில் இருந்த பழைய போனைப் பார்த்ததும் ராஜராஜனின் முகம் மாறியது. அது ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை. தொட்டாள். மூன்று நொடி.

வேப்பமரத்தடியில் பறைச் சத்தம் கேட்டது. "அண்ணி... அண்ணி..."

நாற்பத்தோரு நொடியும் யாரும் அசையவில்லை. ஜெயபாரதிகூட எழுதுவதை நிறுத்திவிட்டார்.

ஜாஃபர்தான் முதலில் பேசினார். திரையில் இருந்த நம்பரைக் குனிந்து பார்த்து, "அது என் பழைய நம்பருங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றார்.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றாள் பிரகதீஸ்வரி. "சத்தியமா நீதான்னு எனக்குத் தெரியாது. எல்லாரும் எப்ப எடுக்கறாங்க, எப்ப எடுக்கறாங்கன்னே கேட்டாங்க. உன்னையும் அப்படித்தான்..."

"என் பேரச் சொன்னேனே அண்ணி."

"சொன்ன. இன்னைக்குத்தான் கேட்டேன்."

அரவிந்தன் மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த மேடையில் உட்கார்ந்துவிட்டான். "அதுக்கப்புறம் நாலு தடவ அடிச்சேன். பிஸி, பிஸின்னே வந்துச்சு. நீங்க வேணும்னே சொன்னீங்கன்னு... ஆறு வருஷம் அண்ணி. கண்ண மூடுனா நாலு மணிங்க, நாலு மணிங்கன்னு உங்க குரல்தான்."

"நான் உன்ன ஊர் பூரா பேசினேன். போன்கூடப் பண்ணலன்னு ஒரு எடம் விடாம பேசினேன். என்ன ரெண்டு வார்த்தை திட்டிடு தம்பி, எனக்கு ஆறும்."

அவன் திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு உட்கார இடம் விட்டு நகர்ந்தான். அந்த ஒரு முழ இடத்தைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பொங்கியது. சரியாகிவிடும் போலிருந்தது.

ஆனால் ராஜராஜன் ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்டாட்டி செய்த காரியத்தால் ஆறு வருஷம் தம்பியை இழந்த மனுஷன் கத்த வேண்டாமா? என்னடி செஞ்சு வச்சிருக்க என்று ஒரு அதட்டலாவது போட வேண்டாமா? வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடந்தது நடந்துபோச்சு" என்றார் கடைசியில். "போன உள்ள வையி. டோக்கன் கூப்புடப் போறாங்க."

"என்னங்க இது? இதக் கேட்ட பொறகும் கையெழுத்தா?"

அரவிந்தன் நிமிர்ந்தான். "அண்ணி, நாலு மணி விஷயம் போகட்டும். நீங்க தெரியாம சொன்னது. ஆனா மறுநாள் காலைல?"

"மறுநாள் என்ன?"

"அண்ணன் உங்ககிட்ட சொல்லலியா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அரவிந்தனைப் பார்த்தாள். ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் காலையில் போன் அவளிடம் இல்லை. முந்தின நாள் இரவே ராஜராஜனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பால் தெளித்துவிட்டு, சாம்பலைக் கரைக்க அவர் புது ஆற்றுக்குப் போயிருந்தார். வருவதற்குப் பதினொன்று ஆகிவிட்டது. வந்தவர் இலையில் உட்கார்ந்து, ஒரு வாய்கூட வைக்காமல் எழுந்துபோனார். அப்பாவை நினைத்துத்தான் என்று அவளும் வற்புறுத்தவில்லை.

பட்டியலில் விரல் நகர்ந்தது. ஆகஸ்ட் இருபத்துநான்கு. காலை ஒன்பது இருபத்திரண்டு. பெயர் இல்லாத உள்ளூர் நம்பர். ஒரு நிமிஷம் ஒன்பது நொடி.

"டாக்சிக்காரரோட போன்" என்றான் அரவிந்தன் மெதுவாக. "என்னோடது லாக்கர்லயே இருந்துச்சு, எடுக்காமலே கெளம்பிட்டேன்."

ராஜராஜனின் கை வந்து போனின் மேல் மூடியது.

"அதப் போடாத பிரகதி."

முப்பது வருஷத்தில் அவர் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. அவள் கையை இழுத்துக்கொண்டாளா, அப்படியே விட்டாளா என்பது இனி முக்கியமில்லை. அவர் சொல்வதற்கு முன்பே அவள் விரல் அதைத் தொட்டிருந்தது. பழைய போன். உடனே கேட்காது.

அந்த மூன்று நொடியும் அவள் புருஷன் முகத்தைத்தான் பார்த்தாள்.

முதலில் வந்தது ஆற்றுத் தண்ணீரின் சத்தம். அதன்மேல் மூச்சு வாங்க அரவிந்தன் குரல். "அண்ணே, திருச்சில எறங்கிட்டேண்ணே. வந்துட்டே இருக்கேன்."

அடுத்து, விரல்களுக்கு அடியிலிருந்து, ராஜராஜனின் குரல்.

"யாரு, அரவிந்தனா? எனக்கு அப்படி ஒரு தம்பி இல்லையே."

அலுவலகப் படியில் நின்று யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தப் பதிவில் இன்னும் ஐம்பது நொடி பாக்கி இருந்தது.